செத்த ஆடு எந்தக் கணக்கில்?

ஐப்பசி மழை விட்டுப் பத்து நாள் இருக்கும். நாட்றாம்பாளையம் பக்கத்தில் ஒரு காலனிக்குப் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தரப் போயிருந்தேன். பேனாவை எடுப்பதற்குள் ஓர் அக்கா என் கையைப் பிடித்து ஆட்டுப் பட்டிக்குக் கூட்டிப்போய்விட்டார்.

"பாரு தம்பி. பதினோரு உருப்படி இருந்துச்சு. ஆறு போயிருச்சு."

மிச்சம் ஐந்து செம்மறி. அதில் இரண்டுக்கு உதடு தடித்து முகம் வீங்கியிருந்தது. மூக்கிலிருந்து சளி ஒழுகியது. ஒன்று காலை ஊன்ற முடியாமல் முட்டி போட்டபடி நின்றது.

"யாருக்காவது சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்பா. இங்க ஓட்டிக்கிட்டு வான்னாங்க. நடக்க முடியாத ஆட்டை எப்படி ஓட்டிக்கிட்டுப் போறது? வண்டிக்கு வாடகை யாரு குடுக்கறது? யோசிக்கிறதுக்குள்ள ரெண்டு செத்துருச்சு."

"உங்க ஆடு செத்ததை எழுதிக்கிட்டாங்களா?"

"எதுல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆடுகளுக்கு வந்தது என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது தோழர்களே. நான் மருத்துவன் இல்லை. பார்த்த அறிகுறிகள் நீலநாக்கு நோயுடன் பொருந்துகின்றன. ஆனால் வாய்ப்புண்ணும் நொண்டலும் கோமாரியிலும் வரும். மூக்கு ஒழுகுவது ஆட்டுக்கொல்லி நோயிலும் உண்டு. ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். ரத்தம் எடுக்க யாரும் வரவில்லை. ஆறு ஆடுகளும் பெயர் தெரியாத நோயில் செத்து, எந்தக் கணக்கிலும் ஏறாமல் மண்ணுக்குள் போய்விட்டன.

"ஆட்டுக்கு வந்த நோய்க்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம் மாணவர்களில் சிலர் கேட்பார்கள். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. நிலம் இல்லாத வீட்டுக்கு ஆடுதான் வங்கி. காலேஜ் பீஸ், பிரசவச் செலவு, ஓசூர் கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகும் பையனுக்கு முதல் மாத அறை வாடகை எல்லாம் ஆட்டை விற்றுத்தான் வருகிறது. ஆறு ஆடு செத்தால், அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும்.

பூச்சி கொண்டுவரும் நோய்

நீலநாக்கு நோய் ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராகத் தொற்றுவதில்லை. கொசுவைவிடச் சின்னதாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூடத் தாண்டாத ஒரு கடிபூச்சி அதைக் கொண்டுவருகிறது. அறிவியலில் அதன் பெயர் கியூலிகாய்ட்ஸ். சாணமும் ஈரமும் கலந்த சேற்றில் முட்டையிடும். நோய் உள்ள ஒரு விலங்கின் ரத்தத்தைப் பெண் பூச்சி குடிக்கும்போது வைரஸ் அதன் உடலுக்குள் போய்ப் பெருகும். சில நாள் கழித்து அடுத்த விலங்கைக் கடிக்கும்போது அங்கே இறங்கும். அதனால்தான் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இந்த நோய் தலைதூக்குகிறது. 1997-98-ல் தமிழ்நாட்டுச் செம்மறிகளை இது கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. இந்தியாவில் இது பதிவானது அதற்கும் முன்னால், 1964-ல், மகாராஷ்டிரத்தில்.

இந்த நோயில் ஒன்றைக் கவனியுங்கள். மாடும் இதே வைரஸை உடம்பில் சுமக்கும். ஆனால் பெரும்பாலும் மாட்டுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. வாரக்கணக்கில் ரத்தத்தில் வைரஸை வைத்துக்கொண்டு அது பால் கறந்துகொண்டிருக்கும். அந்த ரத்தத்தைக் குடித்த பூச்சி செம்மறியைக் கடிக்கும்போது செம்மறி விழும். ஊருக்குள் இருக்கும் மாட்டுக்கொட்டகையில் நோய் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றும். காலனியின் பட்டியில்தான் சாவு தெரியும். உடனே "காலனிப் பட்டியிலிருந்துதான் சீக்கு வருது, அவங்க ஆட்டை நம்ம குட்டைக்கு விடாதீங்க" என்று பேச்சு கிளம்பும். பூச்சி சாதி பார்ப்பதில்லை. பழி மட்டும் சாதி பார்த்து விழுகிறது.

இரண்டாவது நோய் தோல் கழலை. பெரியம்மை என்றும் லம்பி என்றும் சொல்கிறார்கள். உடம்பெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பும். காய்ச்சல் வரும், பால் வற்றும், சினை கலையும். இதைப் பரப்புவது மாட்டு ஈ, கொசு, உண்ணி. நமக்கு டெங்கு கொடுக்கும் ஏடிஸ் கொசுவே இந்த வைரஸையும் மாட்டுக்கு மாடு கடத்தும் என்று ஆய்வகத்தில் நிரூபித்திருக்கிறார்கள். 1929-ல் இன்றைய ஜாம்பியாவில் முதலில் காணப்பட்டது. தொண்ணூறு வருடம் கழித்து, 2019-ல் ஒடிசா வழியாக இந்தியாவுக்குள் வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டை எட்டியது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் தொடங்கிப் பல மாநிலங்களில் அரசுக் கணக்குப்படியே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. இது மனிதர்களுக்கு வராது. அப்படியிருந்தும் பால், மாட்டுக்கறி பற்றி அப்போது எத்தனை வதந்தி பரவியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

பதிவாகாத சாவு, வராத நோய்

இப்போது கண்காணிப்புக்கு வருவோம். நோயை அது பரவுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வழி இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. குறிப்பிட்ட இடங்களில் காவல் மந்தைகள் என்று சில மாடுகளை வைத்திருக்கிறார்கள். குறித்த இடைவெளியில் அவற்றின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். விளக்குப் பொறி வைத்துக் கடிபூச்சிகளைப் பிடித்து எண்ணுகிறார்கள். நீலநாக்கு வைரஸ் எந்தப் பகுதியில் இருக்கிறது, எதில் இல்லை என்று வரைபடமே போடுகிறார்கள். மாடு நோயைக் காட்டாது என்பதால்தான் ரத்தத்தைக் கேட்கிறார்கள்.

நம்மிடமும் அறிவுக்குப் பஞ்சமில்லை. கால்நடை நோய்ப் பரவலை ஆராயும் தேசிய நிறுவனமான நிவேதி எங்கே இருக்கிறது தெரியுமா? பெங்களூரு எலஹங்காவில். நம் பிள்ளைகள் தினமும் வேலைக்குப் பஸ் ஏறும் அதே பெங்களூரு. எந்த மாவட்டத்தில் எந்தக் கால்நடை நோய் வரலாம் என்று இரண்டு மாதம் முன்கூட்டியே அந்த நிறுவனம் எச்சரிக்கை வெளியிடுகிறது. நீலநாக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த விஞ்ஞானிகளின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த எச்சரிக்கை எதை வைத்துத் தயாராகிறது? மழை, வெப்பம் போன்ற வானிலைத் தகவல்களுடன், கடந்த ஆண்டுகளில் எங்கெங்கே நோய் பதிவானது என்ற கணக்கையும் வைத்து. பதிவானதை வைத்து என்பதுதான் இங்கே முக்கியம். அந்த அக்காவின் ஆறு ஆடுகள் பதிவாகவில்லை. பக்கத்துக் குக்கிராமத்தில் இருளர் குடும்பத்தின் ஆடு செத்தாலும் இதே கதைதான். சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நோய் இல்லை என்று கணினி நினைக்கும். நோய் இல்லாத இடத்துக்குத் தடுப்பூசி எதற்கு, மருத்துவர் எதற்கு, ரத்த மாதிரி எதற்கு? அடுத்த ஐப்பசியிலும் ஆடு சாகும், அதுவும் பதிவாகாது. நம் ஆட்களைச் சாதி வெளியே வைத்தது போல, நம் ஆட்டின் சாவையும் தரவு வெளியே வைக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பார்கள். திட்டமிடாமலே நடப்பதுதான் சாதியின் பலம்.

இதில் எல்லைப் பிரச்சினை வேறு. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பகுதிக்குக் காட்டைத் தாண்டினால் கர்நாடகம். இந்தப் பக்கம் பெண் கொடுத்து அந்தப் பக்கம் எடுக்கிறோம். மாடும் ஆடும் இரண்டு பக்கச் சந்தைக்கும் போகின்றன. வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய ஆடு எந்த மாநிலத்துக் கொட்டகையில் போய்ப் படுக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தலாம். காற்றில் போகும் பூச்சியை நிறுத்த முடியாது. கியூலிகாய்ட்ஸ் பூச்சியைக் காற்று பல கிலோமீட்டர் தூக்கிப்போகும். வைரஸுக்கு இது ஒரே காடு. பதிவேடு மட்டும் இரண்டு.

கம்மல் யாருக்கு, கடன் யாருக்கு?

மாட்டின் காதில் மஞ்சள் வில்லை பார்த்திருப்பீர்கள். கம்மல் என்கிறார்கள் நம் ஊரில். அதில் 12 இலக்க எண் இருக்கும். மாட்டின் ஆதார் என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. தடுப்பூசி போட்டது, சினைப்பட்டது, உரிமையாளர் யார் என்பதெல்லாம் அந்த எண்ணில் ஏறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உரிமையாளர் பெயர்தான் ஏறும். மேய்க்கிறவர் பெயர் ஏறாது.

அந்த அக்காவின் பதினோரு ஆடுகளில் சொந்த ஆடு நான்குதான். மற்ற ஏழும் ஊர்க்காரர் ஒருவர் வாரத்துக்கு விட்டது. குட்டியில் பாதி அவருக்கு, பாதி இவருக்கு. செத்த ஆறில் நான்கு வாரத்து ஆடுகள். "நீ சரியாப் பாத்துக்கல" என்று சொல்லி, அடுத்து வரும் குட்டிகளில் விலையைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வைரஸ் தந்த நட்டம், மேய்த்தவர் மேல் கடனாக ஏறிவிட்டது. அது நீலநாக்குதான் என்று ஒரு சீட்டு இருந்திருந்தால், "என் தப்பு இல்லைங்க, நோய்" என்று சொல்ல அவருக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். கண்காணிப்பு என்பது விஞ்ஞானிக்கு வரைபடம். அந்த அக்காவுக்கு அது தன் மேல் விழுந்த பழியை மறுக்கும் ஆதாரம்.

இந்தப் பழி புதிதல்ல. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இந்தியாவில் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, தோலுக்காக விஷம் வைத்துக் கொல்கிறார்கள் என்று சமார் மக்கள் மேல் குற்றம் சாட்டினார்கள். போலீஸும் வெள்ளைக்கார அதிகாரிகளும் அதை நம்பினார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். வெக்கை நோயும் அடைப்பானும் கொன்றதில் எத்தனை மாடுகள் இப்படி விஷக் கணக்கில் ஏறின என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்று கேட்கிறார்கள். நோய்க்குப் பெயர் இல்லாதபோது ஒரு சாதியின் பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். 2002-ல் ஹரியானாவின் ஜஜ்ஜரில் ஐந்து தலித்துகளை அடித்துக் கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: மாடு எப்படிச் செத்தது? அதற்கு விடை தேடும் பொறுமை அடித்தவர்களுக்கு இல்லை.

உனாவுக்குப் பிறகு சுரேந்திரநகரில் நம் தோழர்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போட்டார்கள். "உங்கள் மாதாவை நீங்களே அடக்கம் செய்யுங்கள்" என்பது அதன் பொருள். செத்த மாட்டை இழுப்பதை விடுங்கள் என்று அண்ணல் மகத் மாநாட்டில் சொன்னது 1927-ல்.

இன்றும் கொள்ளைநோய் வந்தால் பிணத்தை யார் தூக்குவது? ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. யார் வெட்டுவது என்று ஊர் கேட்பதேயில்லை, காலனியைத் திரும்பிப் பார்க்கிறது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், பட்டியல் சாதி, பழங்குடி மக்களை விலங்குப் பிணத்தை அகற்றவோ சுமக்கவோ வைப்பது குற்றம் என்று சேர்த்திருக்கிறார்கள். கொள்ளைநோய்க் காலத்துக்கு அதில் விலக்கு இல்லை. பஞ்சாயத்து ஜேசிபி வைத்துக் குழி தோண்டட்டும். உரிமையாளரே நின்று புதைக்கட்டும்.

மேய்க்கிறவர் சொன்னதைக் கேட்டபோது

"படிக்காத மேய்ப்பர் சொல்வதை வைத்து நோயைக் கண்காணிக்க முடியுமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆய்வகம் இல்லாமல் அறிகுறியை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது என்று நானே மேலே சொன்னேன். ஆனால் ஆய்வகம் எங்கே போய் ரத்தம் எடுக்க வேண்டும் என்று யார் சொல்வது?

உலகம் இதற்கு ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது. மாடுகளைக் கோடிக்கணக்கில் கொன்ற வெக்கை நோய் ஒழிந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதகுலம் பூமியிலிருந்தே ஒழித்த இரண்டாவது நோய் அது. கடைசிக் கட்டத்தில் எத்தியோப்பியா, சூடான் பகுதிகளில் அரசு மருத்துவர் போக முடியாத இடங்களில் வேலை செய்தவர்கள் யார்? மேய்ச்சல் சமூகத்திலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட ஆட்கள். தடுப்பூசி போட்டார்கள். நோய் எங்கே மிச்சம் இருக்கிறது என்று மேய்ப்பர்களிடமே கேட்டுத் தேடினார்கள். மேய்ப்பர்கள் தங்கள் மொழியில் வைத்திருந்த நோய்ப் பெயர்கள் மருத்துவர்களுக்கு வழிகாட்டின. உலகமே கொண்டாடிய அந்த வெற்றியில் அந்த மக்களின் கண்ணும் காதும் இருக்கிறது.

நம் பகுதியும் மாட்டுக்குப் பெயர் போனதுதான். ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரை ஊரின் பெயரிலேயே ஆலம்பாடி என்று ஒரு மாட்டினம் உண்டு. இந்தக் காட்டில் பட்டி போட்டு மேய்த்து அந்த இனத்தைக் காத்தவர்கள் ஏழைகள். இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் வந்துவிட்டன. சரணாலயங்களில் மேய்ச்சலுக்கு 2022-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. காட்டுக்குப் பயந்து ஒளித்து மேய்க்கிறவர், நோய் வந்தால் வெளியே சொல்வாரா? "எங்க மேய்ச்ச?" என்ற கேள்விதானே முதலில் வரும்? மேய்ப்பரைக் குற்றவாளியாக்கினால் நோயும் சேர்ந்து ஒளிந்துகொள்ளும். 2024-ல் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களை முதல்முறையாகத் தனியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். இத்தனை காலம் கழித்தாவது வந்தது. போதாது.

நாம் என்ன செய்யலாம்?

2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவைப் படியுங்கள். நோய் சந்தேகம் வந்தால் விலங்கின் உரிமையாளரோ அதைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பொறுப்பில் வைத்திருப்பவர் என்றால் யார்? வாரத்துக்கு மேய்க்கும் நம் அக்காதான். சட்டம் அவரைக் கடமைக்காரர் ஆக்கியிருக்கிறது. கடமை இருக்கிற இடத்தில் உரிமையும் இருக்கிறது: சொன்னதை எழுதிக்கொள்ளக் கேட்கும் உரிமை.

எனவே லீவில் ஊருக்கு வரும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. காலனிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை ஆடு மாடு, எத்தனைக்கு நோய், எத்தனை சாவு, என்ன அறிகுறி, மழை எப்போது பெய்தது, ஈ கொசு அதிகமா, புதிதாகச் சந்தையிலிருந்து எதுவும் வந்ததா. அவ்வளவுதான். போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். 1962-க்குப் போன் போட்டுக் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று சாவு தெரிந்தவுடன் கிராம நிர்வாக அலுவலர், பஞ்சாயத்துத் தலைவர், கால்நடை மருத்துவர் மூவருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ரத்த மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்: மழைக்கு முன்பே நீலநாக்குத் தடுப்பூசி, காலனியிலேயே முகாம், வாரத்துக்கு மேய்ப்பவர் பெயரும் பதிவேட்டில்.

நீலநாக்குக்குத் தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது. தோல் கழலைக்கு ஆட்டம்மைத் தடுப்பூசியைப் போட்டுவந்தார்கள். 2022 ஆகஸ்ட்டில் லம்பி-புரோவாக் என்று தனித் தடுப்பூசியையும் இந்திய விஞ்ஞானிகள் அறிமுகப்படுத்தினார்கள். மருந்து இல்லாமல் நம் ஆடுகள் சாகவில்லை. நம் ஆடு செத்தது தெரியாததால்தான் சாகின்றன.

போன வாரம் அந்த அக்காவைத் திரும்பப் பார்த்தேன். நொண்டிய ஆடு பிழைத்துக்கொண்டது. பதினோராம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். முதல் வரியில் செத்த ஆறு ஆடுகளையும் தேதியோடு எழுதியிருந்தாள். "எதுல எழுதறதுன்னு அம்மா கேட்டாங்களாமே அண்ணா. இதுல எழுதிட்டேன்" என்றாள்.

அந்த நோட்டை அடுத்த கிராம சபைக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். உங்கள் காலனியிலும் ஒன்று தொடங்குங்கள்.

ஜெய்பீம்.